அரை சென்டிமீட்டர்: ஒரு நாட்டில் கொலை அதிகம், இன்னொரு நாட்டில் குறைவு. ஏன்?

1.
போன மாசம் ஒரு நைட் டியூட்டி. மணி பதினொன்றரை இருக்கும். 108-ல் ஒரு தம்பியைக் கொண்டு வந்தாங்க. வயசு பத்தொன்பது. தொடையின் உள்பக்கம் கத்திக்குத்து. திருவிழாவில் எந்தப் பாட்டைப் போடுறதுன்னு ஆரம்பிச்ச தகராறு.

சர்ஜன் வந்து காயத்தைத் திறந்து பார்த்தார். தொடையின் பெரிய ரத்தக்குழாயான ஃபெமோரல் ஆர்டரிக்கும் கத்தி போன பாதைக்கும் நடுவே அரை சென்டிமீட்டர்தான் இடைவெளி.

"தப்பிச்சான்" என்றார்.

நான் நினைச்சது வேற. அந்த அரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிருந்தா, இந்தத் தம்பி ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிருப்பான். குத்தின பையன் மேல கொலை வழக்கு. அதே கோபம், அதே கத்தி, அதே ரெண்டு பசங்க. வித்தியாசம் அரை சென்டிமீட்டர் மட்டும்.

2.
ரெண்டு நாள் கழிச்சு ஒரு நண்பர் கேட்டார். "டாக்டர், சில நாட்டுல மட்டும் ஏன் இவ்ளோ கொலை நடக்குது? அந்த ஊர் மனுஷங்க பிறவியிலேயே அப்படியா?"

இல்லை. இதுக்கு 700 வருஷத்துக் கதை ஒன்னு இருக்கு. அதில் போலீஸ், அரசியல் எல்லாம் உண்டு. ஆனா நடுவுல அடிக்கடி ஒரு டாக்டரும் வந்து போறார். அதனாலதான் இந்த நீண்ட இழை. பொறுமையா படிங்க.

3.
முதல்ல அளவு புரியணும்.

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்கக் கொலை செய்யப்பட்டவர்கள் சுமார் 4 லட்சத்து 58 ஆயிரம் பேர். மணிக்கு 52 பேர். அந்த ஆண்டு போர்களிலும் பயங்கரவாதத்திலும் இறந்தவர்களைச் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கைதான் அதிகம்.

உலக சராசரி, 1 லட்சம் பேருக்கு 5.8. ஆசியாவில் 2.3. ஐரோப்பாவில் 2.2. ஆப்பிரிக்காவில் 12.7. வட, தென் அமெரிக்கா சேர்ந்து 15.

4.
விகிதமா சொன்னா மனசுல நிக்காது. இப்படிப் பாருங்க.

20 லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்குவோம். ஒரு வருஷத்தில் அங்கே எத்தனை கொலை நடக்கும்?

ஜப்பான் கணக்கில் 5.
இங்கிலாந்து கணக்கில் சுமார் 20.
இந்தியாவின் 2022 கணக்கில் 42.
அமெரிக்காவின் 2021 கணக்கில் சுமார் 136.
தென்னாப்பிரிக்காவின் 2022-23 கணக்கில் சுமார் 900.
எல் சால்வடோரின் 2015 கணக்கில் 2,000-க்கும் மேல்.

ஒரே மாவட்டம். 5-க்கும் 2,000-க்கும் நடுவுல நிக்குது. உடற்கூறு எல்லாருக்கும் ஒன்னுதான். கோபம் வரும்போது ஏறுற அட்ரினலினும் ஒன்னுதான். அப்போ எது மாறுது?

5.
ஒரு சின்ன விளக்கம். திருட்டு, அடிதடி, பாலியல் குற்றம் இதையெல்லாம் நாடுகளுக்கிடையே ஒப்பிடுறது கஷ்டம். ஒரு ஊர்ல எல்லாரும் புகார் கொடுப்பாங்க, இன்னொரு ஊர்ல யாரும் ஸ்டேஷன் பக்கமே போக மாட்டாங்க. ஆனா பிணத்தை மறைக்கிறது சுலபம் இல்லை. எந்த நாடா இருந்தாலும் யாராவது ஒருத்தர் அதை எழுதியாகணும். அதனாலதான் ஆய்வாளர்கள் வன்முறையை அளக்கக் கொலையை எடுத்துக்கிறாங்க.

அப்படி எழுதுற பழக்கத்தை ரொம்ப சீக்கிரமே ஆரம்பிச்ச நாடு இங்கிலாந்து.

6.
1194-ல் அங்கே 'கொரோனர்' என்ற பதவி உருவாச்சு. சந்தேக மரணம் நடந்தா அவர் போய் உடலைப் பார்க்கணும், ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்கணும், எல்லாத்தையும் தோல் சுருளில் எழுதணும். அரசருக்கு நீதி மேல அப்படி ஒரு ஆசைன்னு நினைச்சுடாதீங்க. குற்றவாளியின் சொத்து, கொலைக்குக் காரணமான ஆயுதத்தின் மதிப்பு, இதெல்லாம் கஜானாவுக்குப் போகணும். வசூல் கணக்கு அது!

ஆனா அந்த வசூல் கணக்கு நமக்கு ஒரு புதையல். எங்கே குத்தினான், எப்போ, எந்தக் கத்தி, காயம் எவ்வளவு ஆழம், எத்தனை நாள் கழிச்சு செத்தான் என்று எல்லாம் அதில் இருக்கு. நாங்க இன்னிக்கு கேஷுவாலிட்டியில் எழுதுற ஏ.ஆர். பதிவேட்டுக்குக் கொள்ளுத் தாத்தான்னு சொல்லலாம்.

7.
அந்தச் சுருள்களை வெச்சு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் மானுவல் ஐஸ்னர் குழு ஒரு கொலை வரைபடமே போட்டிருக்கு. 14-ஆம் நூற்றாண்டு லண்டன், யார்க், ஆக்ஸ்ஃபோர்ட்.

இந்த மூணில் மோசமான ஊர் எது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்ட். ஆமா, அந்தப் பல்கலைக்கழக ஊரேதான். 1340-களை ஒட்டி அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 60 முதல் 75 வரை. இன்றைய தென்னாப்பிரிக்காவை விட அதிகம்.

கொன்றது யார்? பின்னணி தெரிந்த குற்றவாளிகளில் 75 சதவீதம் பேர் 'கிளெரிகஸ்'. அந்தக் காலத்தில் அப்படின்னா பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர். செத்தவர்களிலும் 72 சதவீதம் அவங்கதான்.

8.
ஏன்? சுமார் 7,000 பேர் இருந்த ஊரில் 1,500 பேர் மாணவர்கள். எல்லாரும் இளவயசு ஆண்கள். வீட்டைவிட்டு வந்தவங்க. தெருவுக்குத் தெரு மதுக்கடை. இடுப்பில் கத்தி. வடக்கத்தி, தெற்கத்தி என்று ஊர்வாரியா கோஷ்டி. ஒருத்தன் ஒரு வார்த்தை விட்டா மானப் பிரச்சனை.

இளைஞர், மது, ஆயுதம், கோஷ்டி, மானம். இந்த அஞ்சையும் ஞாபகம் வெச்சுக்குங்க. 700 வருஷம் கழிச்சு நம்ம திருவிழா தகராறு வரைக்கும் இதே அஞ்சுதான் வரும்.

9.
சரி, லட்சத்துக்கு 60, 70 என்று கொலை நடந்த ஊர் இருந்த நாடு லட்சத்துக்கு 1-க்கு எப்படி வந்துச்சு?

"மருத்துவம் வளர்ந்துச்சு, காயம்பட்டவன் பிழைச்சான்" என்று டாக்டரா நான் சொல்லிக்க ஆசைதான். ஆனா கணக்கு ஒத்துக்கலை. மேற்கு ஐரோப்பாவில் கொலை விகிதத்தின் பெரும் சரிவு 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே நடந்துடுச்சு. மயக்க மருந்து வந்தது 1846. லிஸ்டரின் கிருமிநாசினி அறுவை சிகிச்சை 1867. ரத்த வகையை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடிச்சது 1901. வயித்துல குத்து வாங்கினவனைக் காப்பாத்த 1750-ல் எந்த டாக்டராலும் முடியாது. ஆனா அதுக்கு முன்னாடியே குத்துறதே குறைஞ்சுபோச்சு.

10.
அப்போ குறைச்சது எது? 1939-ல் நோர்பெர்ட் எலியாஸ் என்ற சமூகவியல் அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். ஆயிரம் குட்டி ராஜாக்கள் ஆளுக்கொரு படையோட இருந்த இடத்தில் ஒரே அரசு வந்தது. ஆயுதமும் தண்டனையும் அரசின் கையில் மட்டும் என்று ஆச்சு. அவமானப்பட்டவன் கத்தியை எடுக்காம கோர்ட்டுக்குப் போக ஆரம்பிச்சான். வியாபாரம் வளர, எதிரியையும் வாடிக்கையாளரா பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. கோபத்தை அடக்குறது கோழைத்தனம் இல்லை, பண்பு என்று ஆச்சு.

எலியாஸ் இதை எழுதும்போது அவர் கையில் கொலைப் புள்ளிவிவரம் எதுவும் இல்லை. பல பத்தாண்டுகள் கழிச்சு கொரோனர் சுருள்களை எண்ணினவங்கதான், அவர் சொன்ன திசையிலேயே எண்ணிக்கையும் இறங்கியிருக்குன்னு காட்டினாங்க.

11.
இதுல முக்கியமான சொல் 'நம்பிக்கை'. கோர்ட் இருந்தா மட்டும் போதாது. அங்கே போனா நியாயம் கிடைக்கும்னு ஜனங்க நம்பணும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ராண்டால்ஃப் ராத் 2009-ல் எழுதின நூலில் அந்த நாட்டின் கொலை வரலாற்றை அலசினார். அவர் கண்டது: அரசு நம்முடையது, சட்டம் எனக்கும் பொதுவானது என்று மக்கள் நம்பின காலங்களில் கொலை குறையுது. அந்த நம்பிக்கை உடையும்போது ஏறுது.

ஐ.நா. அலுவலகம் 2013 அறிக்கையில் இன்னொரு கணக்கு கொடுத்தது. 100 கொலைக்கு எத்தனை பேருக்குத் தண்டனை? ஐரோப்பாவில் 81. ஆசியாவில் 48. அமெரிக்கக் கண்டங்களில் 24.

என் தம்பியைக் கொன்னவன் கண்ணெதிரே தெருவுல நடந்து போறான், போலீஸ் எதுவும் செய்யாதுன்னா நான் என்ன செய்வேன்? அந்தக் கேள்விக்குப் பல ஊர்கள் துப்பாக்கியால பதில் சொல்லுது. ஒரு கொலை அடுத்த கொலையைப் பெத்துக்குது.

12.
அடுத்து எல்லாரும் சொல்ற காரணம், வறுமை.

நேரடியா பார்த்தா இது நிக்காது. மெக்சிகோ, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூணும் வங்கதேசத்தை விட வசதியான நாடுகள். ஆனா கொலை விகிதம் வங்கதேசத்தை விடப் பல மடங்கு அதிகம். இந்தோனேசியாவில் விகிதம் 1-க்கும் கீழே.

வறுமையை விட ஏற்றத்தாழ்வுக்குத்தான் கொலையோட நெருக்கமான தொடர்பு இருக்குன்னு பல நாட்டுத் தரவுகள் சொல்லுது. எல்லாரும் ஏழையா இருக்குற ஊர் வேற. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நீச்சல் குளமும் இந்தப் பக்கம் தகரக் கொட்டகையும் இருக்குற ஊர் வேற. கையில் காசும் இல்லை, வேலையும் இல்லை, மரியாதையும் இல்லைன்னா, இருபது வயசுப் பையன் கையில் மிச்சம் இருக்குறது 'கெத்து' மட்டும்தான். அதில் ஒருத்தன் கை வெச்சா உயிரையே பணயம் வைப்பான்.

13.
இப்போ ஆயுதத்துக்கு வருவோம். இது நான் தினமும் பார்க்கிற விஷயம்.

அமெரிக்கர்கள் மத்தவங்களை விடக் குற்ற மனசு உள்ளவங்களா? 1997-ல் ஜிம்ரிங், ஹாக்கின்ஸ் என்ற ரெண்டு சட்ட அறிஞர்கள் நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்டாங்க. 1990-களின் தொடக்கத்தில் திருட்டும் வீடு புகுந்து கொள்ளையும் லண்டனில்தான் அதிகம்! ஆனா வழிப்பறியிலும் கொள்ளையிலும் உயிரிழந்தவர்கள் நியூயார்க்கில் 50 மடங்குக்கும் மேல்.

திருடனோட மனசு ரெண்டு ஊரிலும் ஒன்னுதான். கையில் இருந்த பொருள்தான் வேற.

14.
துப்பாக்கி ஏன் இவ்வளவு கொல்லுது? உடம்புக்குள்ள நடக்கிறதைச் சொல்றேன்.

நம்ம உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் 2 லிட்டர் வேகமா வெளியேறினா உயிருக்குப் பெரிய ஆபத்து. கத்தி போன பாதை ஒரு கோடு மாதிரி. அந்தக் கோட்டில் பெரிய ரத்தக்குழாய் இல்லைன்னா பிழைக்க வாய்ப்பு உண்டு. குண்டு அப்படி இல்லை. போற வழியில் சுத்தியுள்ள சதையையும் அழுத்திக் கிழிச்சுட்டுப் போகும். எலும்பில் பட்டு உடைஞ்சா ஒவ்வொரு துண்டும் இன்னொரு குண்டு.

இன்னொன்னு, தூரம். கத்தியோட வர்றவன் கிட்ட வரணும். ஓடலாம், தடுக்கலாம், பக்கத்துல நிக்கிறவங்க பிடிச்சு இழுக்கலாம். குத்தினவனுக்கே ரத்தத்தைப் பார்த்து பயம் வரலாம். துப்பாக்கி இந்த வாய்ப்பு எதையும் தராது. ரெண்டு நொடி கோபம் போதும்.

2021-ல் அமெரிக்காவில் நடந்த கொலைகளில் சுமார் 80 சதவீதம் துப்பாக்கியால்.

15.
உடனே ஒருத்தர் கேட்பார். "ஸ்விட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கே, அங்கே கொலை கம்மிதானே?"

நியாயமான கேள்வி. அங்கே பெரும்பாலும் ராணுவப் பயிற்சியோட தொடர்புள்ள நீளத் துப்பாக்கிகள். அதைச் சட்டைக்குள்ள மறைச்சு பாருக்குக் கொண்டுபோக முடியாது. கூடவே ஏற்றத்தாழ்வு குறைவு, அரசு மேல நம்பிக்கை அதிகம்.

அதே மாதிரி ஜப்பானில் யாகூசா கும்பல்கள் பல பத்தாண்டுகள் வெளிப்படையாவே இயங்குச்சு. ஆனா கொலை விகிதம் உலகிலேயே மிகக் குறைவான நாடுகளில் ஒன்னு. 1958-ல் வந்த சட்டப்படி துப்பாக்கியும் வாளும் வெச்சிருக்கிறதே அங்கே பெரும்பாடு. இன்னொரு தகவல்: 1950-களில் ஜப்பானின் கொலை விகிதம் இன்னிக்கு இருக்கிறதை விடப் பல மடங்கு அதிகம். 'ஜப்பான்காரன் இயல்பிலேயே அமைதியானவன்' என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகுது.

தனியா எந்தக் காரணமும் முழுப் பதில் இல்லை. சர்க்கரை நோய்க்குப் பரம்பரை, உணவு, உடல் உழைப்பு எல்லாம் சேர்ந்து காரணமாகிற மாதிரிதான் இதுவும்.

16.
இப்போ மருத்துவமனை. பழைய காலச் சரிவுக்கு நாங்க காரணம் இல்லைன்னு சொன்னேன். ஆனா கடந்த 60, 70 வருஷத்துக் கதை வேற.

2002-ல் ஆன்டனி ஹாரிஸ் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. 1960-க்குப் பிறகு ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, ட்ராமா சிகிச்சை இதெல்லாம் வளராம இருந்திருந்தா, அமெரிக்காவில் கொலைகள் நடந்ததை விட 5 மடங்கு வரை கூட இருந்திருக்கலாம் என்பது அவங்க கணிப்பு. இதுக்கு விமர்சனமும் உண்டு. போலீஸ் அடிதடி வழக்குகளை முன்பை விட அதிகமா பதிய ஆரம்பிச்சதே கணக்கைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். மடங்கு முன்னப்பின்ன இருக்கலாம். ஆனா கேஷுவாலிட்டியில் நிக்கிற எவருக்கும் திசை புரியும்.

கொலை எண்ணிக்கை குறைஞ்சா வன்முறை குறைஞ்சதுன்னு எடுத்துக்க முடியாது. சில சமயம் ஆம்புலன்ஸ் வேகமா வந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

17.
இனி நான் சொல்ல வந்த முக்கியக் கதை. கொலம்பியாவின் காலி நகரம். (இலங்கையில் இருக்கிற காலி இல்லைங்க.)

1980-களின் தொடக்கத்தில் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 23. 1994-ல் 120-ஐத் தாண்டியது. போதைக் கும்பல்கள் உச்சத்தில் இருந்த காலம். எல்லாரும் சொன்ன காரணமும் ஒன்னுதான்: "கோகைன் கும்பல். நாம என்ன பண்ண முடியும்?"

1992-ல் அந்த ஊருக்கு மேயரா வந்தவர் ரோட்ரிகோ குரேரோ. அவர் ஒரு டாக்டர். ஹார்வர்டில் கொள்ளைநோயியல் படிச்சவர்.

காலரா வந்தா டாக்டர் என்ன கேட்பார்? யாருக்கு வந்துச்சு, எந்தத் தெரு, என்னைக்கு, எந்தக் கிணத்துத் தண்ணி? குரேரோ கொலைக்கும் அதே கேள்வியைக் கேட்டார். போலீஸ், தடயவியல், நீதித்துறை என்று ஆளுக்கொரு கணக்கு வெச்சிருந்தாங்க. எல்லாரையும் வாராவாரம் ஒரே மேசையில் உட்கார வெச்சு ஒரே கணக்காக்கினார்.

18.
வந்த விடை எல்லாரையும் யோசிக்க வெச்சது. கொலைகள் வார இறுதியில் குவியுது. சம்பள நாளை ஒட்டி ஏறுது. செத்தவங்கள்ல பாதிக்கும் மேற்பட்டவங்க ரத்தத்தில் மது. பெரும்பாலும் துப்பாக்கி.

கும்பல் கணக்கு தீர்க்கிறவன் சம்பள நாளுக்காகக் காத்திருப்பானா? இதுல பெரும்பங்கு குடிச்சுட்டு வர்ற சாதாரணச் சண்டை. இடுப்பில் துப்பாக்கி இருந்ததால கொலையா முடிஞ்சிருக்கு.

அதனால ஒரு எளிய உத்தரவு. சம்பளத்துக்கு அடுத்த வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் யாரும் துப்பாக்கியோட வெளியே வரக்கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் சரி. பிறகு தலைநகர் போகோட்டாவிலும் இதே முறை வந்தது. 2000-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வின்படி, தடை இருந்த நாட்களில் கொலை விகிதம் காலியில் 14 சதவீதமும் போகோட்டாவில் 13 சதவீதமும் குறைவு.

காலி சொர்க்கமா மாறிடலை. இன்னிக்கும் அந்த நாட்டில் அதிகக் கொலை நடக்கும் நகரங்களில் அது ஒன்னு. கும்பல்களும் இருக்கத்தான் செய்யுது. ஆனா 'எதுவும் பண்ண முடியாது' என்ற பேச்சு பொய்னு ஒரு டாக்டர் நிரூபிச்சுட்டார்.

19.
அடுத்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அங்கே துப்பாக்கி இல்லை, கத்திதான். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று பத்திரிகைகள் எழுதின ஊர். 2004-05-ல் ஸ்காட்லாந்து முழுக்க 137 கொலை வழக்குகள்.

2005-ல் அந்த ஊர் போலீஸே ஒரு முடிவெடுத்தது. பிடிச்சுப் பிடிச்சு உள்ளே போட்டும் குறையலை, இனி இதை நோயா பார்ப்போம்னு வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அறிக்கைதான் அதுக்கு அடிப்படை.

கோஷ்டிப் பசங்களைக் கோர்ட் அறைக்கு வரவழைச்சு உட்கார வெச்சாங்க. போலீஸ் அதிகாரி பேசினார்: "இனி ஒருத்தன் குத்தினா மொத்தக் கோஷ்டியும் உள்ளே." முகத்தில் விழுந்த வெட்டை எப்படித் தைக்கிறோம்னு டாக்டர் பேசினார். மகனைப் பறிகொடுத்த தாய் பேசினார். கடைசியில் ஒரு போன் நம்பர்: "வெளியே வரணும்னு நினைச்சா கூப்பிடு. வேலை, படிப்பு, குடியை விட உதவி, எல்லாம் உண்டு."

2008-ல் அங்கே டாக்டர்கள் தனியா ஒரு அமைப்பே தொடங்கிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்ப் பேசினாங்க. கத்தி வெச்சிருந்தா கிடைக்கிற தண்டனையும் கூடுச்சு. பத்து வருஷத்தில் ஸ்காட்லாந்தின் கொலை எண்ணிக்கை பாதிக்கும் கீழே. அதே காலத்தில் பக்கத்து இங்கிலாந்திலும் கொலை குறைஞ்சது என்பதால் முழுப் பெருமையும் ஒரே திட்டத்துக்குன்னு சொல்ல மாட்டேன். பங்கு உண்டு.

20.
"இவ்வளவு எதுக்கு? எல் சால்வடோர் மாதிரி எல்லாரையும் தூக்கி உள்ளே போட்டா முடிஞ்சது" என்று கமெண்ட் வரும். தெரியும்.

2015-ல் லட்சத்துக்கு 100-ஐத் தாண்டியிருந்த நாடு அது. 1992-ல் உள்நாட்டுப் போர் முடிஞ்ச கையோட, அமெரிக்கா தன் சிறைகளில் இருந்த கும்பல்காரர்களை நாடு கடத்த, லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் பிறந்த கும்பல்கள் இங்கே வேர்விட்டுச்சு. 2022 மார்ச் 26 அன்று ஒரே நாளில் 62 பேர் கொலை. மறுநாள் அவசரநிலை. அதுக்குப் பிறகு 80,000 பேருக்கும் மேல் கைது. 2023-ல் அரசு சொன்ன விகிதம் 3-க்கும் கீழே.

குறைஞ்சது உண்மை. அங்கே ஜனங்க நிம்மதியா தெருவில் நடக்கிறதும் உண்மை. ஆனா ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்லணும். அவசரநிலைக்கு முன்னாடியே, 2021-ல், விகிதம் 18-க்கு இறங்கியிருந்தது. ரெண்டாவது, சுமார் 63 லட்சம் பேர் உள்ள நாட்டில் நூத்துக்கு ஒருத்தருக்கும் மேல் சிறையில். தப்பா பிடிபட்டவங்க, விசாரணை இல்லாம காத்திருக்கிறவங்க, சிறைக்குள்ளேயே செத்தவங்கன்னு மனித உரிமை அமைப்புகள் பட்டியல் போட்டிருக்கு. பக்கவிளைவு இல்லாத மருந்து கிடையாது. பக்கவிளைவைச் சொல்லாம மருந்து எழுதித் தரவும் கூடாது.

21.
இன்னொரு விஷயத்தைச் சொல்லாம போனா இந்த இழை முழுமையாகாது.

கொலை செய்யப்படுறவங்கள்ல சுமார் 80 சதவீதம் ஆண்கள். ஆனா 2022 கணக்குப்படி, கொலையான பெண்களில் 55 சதவீதம் பேரைக் கொன்றது கணவன், காதலன் அல்லது குடும்பத்தார். ஆண்களில் இது 12 சதவீதம்.

தெருக் கொலை குறைஞ்ச நாடுகளில் மிஞ்சி நிக்கிறது வீட்டுக்குள்ள நடக்கிற கொலைதான். அதுக்கு ரோந்து போலீஸும் சிசிடிவியும் உதவாது. "படியில் விழுந்துட்டேன் டாக்டர்" என்று மூணாவது தடவையா வர்ற பெண்ணிடம், கூட வந்த ஆளை வெளியே அனுப்பிட்டு, "உண்மையில் என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிற ஒரு நர்ஸோ டாக்டரோதான் உதவ முடியும்.

22.
இந்தியா? 2022-ல் பதிவான கொலை வழக்குகள் 28,522. லட்சத்துக்கு 2.1. 1990-களின் தொடக்கத்தில், மக்கள்தொகை இப்போதை விட எவ்வளவோ குறைவா இருந்தப்போ, ஆண்டுக்கு 40,000-ஐ ஒட்டி இருந்தது. விகிதம் பாதிக்கும் கீழே வந்திருக்கு. செய்தி சேனல் பார்த்தா அப்படித் தோணாது, ஆனா கணக்கு அதுதான்.

காரணம் என்ன? 28,522-ல் 9,962 வழக்குகளுக்கு 'தகராறு' என்றே பதிவு. நிலம், தண்ணி, பணம், குடும்பம், வாய்ச்சண்டை. அடுத்து 3,761 'முன்விரோதம்'. பணத்துக்காக, ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. அதாவது, நம்ம நாட்டுக் கொலைகளில் பெரும்பகுதி தொழில்முறைக் குற்றவாளி செய்றது இல்லை. நேத்து வரைக்கும் சாதாரண மனுஷனா இருந்தவன் செய்றது.

அந்தத் தகராறுகளில் இன்னும் ஆயிரக்கணக்கானவை கொலையா மாறாததுக்கு ஒரு பெரிய காரணம், சாதாரண ஆள் கையில் துப்பாக்கி இல்லாதது. 1959 ஆயுதச் சட்டத்தை யாரும் கொண்டாடுறதில்லை. கேஷுவாலிட்டியில் நிக்கிற நான் கொண்டாடுவேன்.

23.
கடைசியா வேல்ஸ் நாட்டின் கார்டிஃப். அங்கே ஜொனாதன் ஷெப்பர்ட் என்று ஒரு முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர். வாராவாரம் உடைஞ்ச தாடைகளைச் சரி பண்ணிட்டிருந்தவருக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. தன்கிட்ட வர்ற அடிதடி கேஸ்களில் பெரும்பகுதி போலீஸுக்கே தெரியாது.

அவர் செஞ்சது ரொம்பச் சின்ன வேலை. அவசரப் பிரிவு வரவேற்பு மேசையில் மூணு கேள்வி. எங்கே அடிபட்டது? எப்போ? எதால? நோயாளி பேரை எடுத்துட்டு அந்த விவரத்தை மட்டும் மாதாமாதம் போலீஸுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்.

எந்த பார், எந்தத் தெருமுனை, எந்த மணி நேரம் என்று தெரிஞ்சது. ரோந்து அங்கே நின்னுச்சு. உடைச்சா ஆயுதமாகிற கண்ணாடி டம்ளருக்குப் பதில் வேற டம்ளர் வந்தது. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொன்னது: இதே மாதிரியான மற்ற நகரங்களோட ஒப்பிட்டா, வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது கார்டிஃபில் 42 சதவீதம் குறைவு.

புது மருந்து இல்லை. புது மெஷின் இல்லை. மூணு கேள்வி.

24.
இதைப் படிச்ச அன்னிக்கு நான் எங்க ஏ.ஆர். பதிவேட்டைப் புரட்டினேன். நானே எழுதின பக்கங்கள். "தெரிந்த நபரால், கத்தியால், மாலை 9 மணிக்கு." இடம்? பல இடத்தில் ஊர் பேர் மட்டும். அவுட்போஸ்ட் போலீஸுக்குத் தகவல் போகும், வழக்கு தனித்தனியா நடக்கும். ஆனா ஒரு வருஷத்து வெட்டுக் காயங்களை ஒரு மேப்பில் குத்திப் பார்த்தவர் யாரும் இல்லை. நானும்தான்.

அந்தத் தொடைக் காயம்பட்ட தம்பி இருக்கானே, அவன் பேரைப் பின்னோக்கித் தேடினேன். ஆறு மாசத்துக்கு முன்னாடியும் வந்திருக்கான். புருவத்தில் மூணு தையல். போட்டது நான்தான், கையெழுத்து என்னோடது. டி.டி. ஊசி எழுதியிருக்கேன். வலி மாத்திரை எழுதியிருக்கேன். யாரோட பிரச்சனை, ஏன், இது முடிஞ்சதா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டதா ஞாபகம் இல்லை. அன்னிக்குக் கூட்டம் அப்படி. ஆனா கேட்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா?

25.
தையல் பிரிக்க வந்தான். கூட அம்மா. இந்தத் தடவை உட்கார வெச்சுக் கேட்டேன்.

"தம்பி, அந்தப் பையனை என்ன செய்யப் போற?"

ரொம்ப நேரம் தரையைப் பார்த்தான். "ஒன்னும் இல்ல சார்" என்றான்.

அந்த 'ஒன்னும் இல்ல'வை நம்ப முடியலை. அவன் அம்மாவும் நம்பலை. வெளியே போனதும் திரும்பி வந்து, "ஐயா, நீங்க சொன்னா கேப்பான், இன்னொரு தடவை பேசுங்க" என்றார். மறு வாரம் வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லி அவுட்போஸ்ட் ஏட்டய்யாகிட்டயும் சொல்லியிருக்கேன். என்ன ஆகும்னு தெரியலை. வந்தான்னா பேசுவேன்.

26.
சுருக்கமா சொன்னா:

கோபம் எல்லா நாட்டிலும் இருக்கு. அந்தக் கோபம் கொலையா முடியுமா முடியாதான்னு முடிவு பண்றது, கையில் என்ன ஆயுதம் இருக்கு, வயித்தில் எவ்வளவு மது இருக்கு, கோர்ட் மேல நம்பிக்கை இருக்கா, நாளைக்குன்னு இழக்க ஏதாவது இருக்கா, ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பவை. இதில் எதுவும் ரத்தத்தில் வர்றது இல்லை. எல்லாமே மாத்தக்கூடியது. 14-ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபோர்டே மாறியிருக்கு.

டாக்டர், நர்ஸ் நண்பர்களுக்கு: ஏ.ஆர். எழுதும்போது இடத்தைத் தெளிவா எழுதுங்க. ஊர் மட்டும் போதாது, தெரு, கடை, பஸ் ஸ்டாப் என்று எழுதுங்க.

மத்தவங்களுக்கு: உங்க தெருவில் ரெண்டு பசங்க சட்டையைப் பிடிச்சா வீடியோ எடுக்காதீங்க. இழுத்து விலக்குங்க. முடியலைன்னா 100-க்கு அடிங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியை வெச்சு காயத்து மேல அழுத்திப் பிடிங்க, கையை எடுக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

அரை சென்டிமீட்டரை நம்பி எத்தனை பேரை விட்டுட முடியும்?